திறந்த ஊக்கு

கும்பகோணம் போகும் பஸ்ஸில் என் இருக்கையை ஒட்டி நின்றிருந்தார் அந்த அம்மாள். வெயிலில் கறுத்த முகம், வெளிறிய நூல் புடவை. அவருக்கு முன்னால் அவருடைய மகள். பதினைந்து இருக்கும், என் மகளின் வயதுதான். கையில்லாத மேல்சட்டையும் ஜீன்ஸும் போட்டிருந்தாள். பஸ்ஸில் பாதிப் பேர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் ஏறும்போதெல்லாம் அந்த அம்மாள் ஓர் ஊக்கைத் திறந்து விரலிடுக்கில் பிடித்துக்கொள்வார். கூட்டம் குறைந்ததும் மூடிவிடுவார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “காலம் கெட்டுக் கெடக்கு. வயசுப் பொண்ணு, ஒரு துப்பட்டாவாவது போடச் சொல்லக்கூடாதாங்க?” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. “இவ வயசுல நான் தாவணிங்க. கழுத்து வரைக்கும் இழுத்துப் போத்திக்கிட்டுதான் பஸ் ஏறுவேன். அப்பவும் எவன் விட்டான்? வீட்ல சொன்னதுக்கு என் படிப்பத்தான் நிறுத்துனாங்க.”

பாபநாசத்தில் மகள் மட்டும் டியூஷனுக்கு இறங்கினாள். அவள் உள்ளங்கையில் ஊக்கை வைத்து விரல்களை மூடிவிட்டார் அம்மாள். அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை, பழகியிருந்தது.

அன்று காலை என் மகளுக்கும் நான்தான் ஊக்கு குத்தி அனுப்பியிருந்தேன், துப்பட்டா விலகாமல் இருக்க, இரண்டு தோளிலும்.

அவளும் பஸ்ஸில்தான் போகிறாள்.