மணல்பானை

அப்பாவுக்குச் சீனி வருத்தம். அதுவும் குளிசையில் நிற்காமல் இன்சுலின் வரை வந்துவிட்ட வருத்தம். சண்டை ஓய்ந்திருந்த சமாதான காலத்தில், புளியங்குளத்திலிருந்து வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போய் முதல் போத்தல்களை வாங்கி வந்தவர் அம்மாதான். வெக்கை பட்டால் மருந்து பழுதாகிவிடும் என்று அங்கே சொல்லி அனுப்பியிருந்தார்கள். எங்கள் பக்கம் கரண்ட் இல்லை. வெயிலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அம்மா போத்தல்களைப் பையில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி வைத்தார். மறுநாள் காலை நான் ஞாபகமில்லாமல் வாளியைத் தொபுக்கென்று விட, ஒரு போத்தல் உடைந்துபோனது. அடி விழப்போகிறது என்று நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. குசினியில் தண்ணீர்ப் பானையை நகர்த்தி, அதன் அடியில் ஈரமாய்க் குளிர்ந்து கிடந்த மணலைக் கையால் அளைந்துகொண்டிருந்தார். அன்று பின்னேரமே ஒரு பெரிய பானையில் ஈரமணலை நிரப்பி, நடுவில் ஒரு சின்ன மண்முட்டியைப் புதைத்து, மிச்சப் போத்தல்களை அதற்குள் வைத்து நனைத்த சாக்கால் மூடினார்.

ஊசி போடவும் அவரே பழகினார். மருந்தில்லாத ஊசியைத் தன் தொடையில் குத்திப் பார்த்துவிட்டுத்தான் அப்பாவிடம் போனார்.

"உமக்கு என்னைக் குத்துறதெண்டால் நல்ல சந்தோசம் போல" என்பார் அப்பா.

"இஞ்சேருங்கோ, ஆடாமல் இருங்கோ."

பிறகு திரும்பவும் சண்டை தொடங்கி, வவுனியாப் பாதை பூட்டப்பட்டது. அம்மா சைக்கிளை மிதித்துக் கிளிநொச்சிக்குப் போய், ஆஸ்பத்திரியில் கிடைத்ததை வாங்கி வந்தார். சண்டை நெருங்கி நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது, உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் இடம் போதவில்லை. அம்மா தன் தையல் மெசினை இறக்கிவிட்டு மணல்பானையை ஏற்றினார். எனக்கு வந்ததே கோபம்!

"ஆக்கள் உடுப்பும் சாமானும் கொண்டு போகினம், நீங்கள் மண்ணைக் கொண்டு வாறியளே!" என்று கத்தினேன்.

உழவு மெசின் ஓட்டியவரும் சிரித்தார். "அக்கா, போற இடத்திலயும் மண் கிடக்கும்."

"ஓம் தம்பி. ஆனா இது குளிர்ந்த மண்" என்றார் அம்மா.

எத்தனை இடம் மாறினோம்! ஒவ்வொரு இடத்திலும் அந்தப் பானைக்கு நிழல் தேடிய பிறகுதான் எங்களுக்கு நிழல் தேடினார். முல்லைத்தீவுப் பக்கம் செல்லடியில் பங்கரை விட்டு வெளியே தலைகாட்ட முடியாத நாட்களில், குடிக்க வைத்திருந்த தண்ணீரில் தன் பங்கைச் சாக்கின் மேல் ஊற்றினார். நாக்கு வறண்டு அவருக்குக் கதைக்கவே வராது. பார்த்துக்கொண்டிருந்த நான் மலைத்துப்போனேன். இப்படி ஒரு மனுசியிடமா அவ்வளவு சண்டை பிடித்தேன் என்று வெட்கமாக இருந்தது.

கடைசிப் போத்தலில் பாதிதான் மிஞ்சியது. அது முடிந்தால் அப்பா இல்லை. அது எங்கள் மூவருக்கும் தெரியும்.

"என்னை விடும். பிள்ளையைப் பாரும்" என்றார் அப்பா.

"வாயை மூடிக்கொண்டு வயித்தைக் காட்டுங்கோ."

கஞ்சியையும் மருந்தையும் குறைத்துக் குறைத்து, போத்தலின் அடி தெரியும்வரை இழுத்தார். அப்பாவை ஒரு பக்கம் அம்மாவும் மறுபக்கம் நானும் தாங்கிக்கொண்டு ஒருவழியாகச் சண்டைக்குள்ளிருந்து வெளியே வந்தோம். ஆமிக்காரர் பஸ்ஸில் ஏற்றி வவுனியா ஆஸ்பத்திரியில் விட்டார்கள். 2009ஆம் ஆண்டு அது. அப்பாவைக் கட்டிலில் கிடத்தினார்கள். இளம் தாதி ஒருவர் மருந்தெடுக்கச் சுவரோரம் இருந்த பிரிட்ஜைத் திறந்தார். உள்ளே தட்டுத் தட்டாக அதே போத்தல்கள்.

"இவ்வளவும் இஞ்சதான் இருந்ததோ?" என்றார் அம்மா. அத்தனை மாதமும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர், அந்த இடத்திலேயே குந்திக் குழறி அழத் தொடங்கினார்.

தாதி பதறிப்போய் ஓடிவந்து தோளைப் பிடித்தார். "அழாதேங்கோ அம்மா. ஐயாவுக்கு ஒண்டும் வராது."

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"வராது பிள்ளை. ஒரு நாளும் நான் வர விடேல்லை."