என் மனைவியும் சோங்சிங்கும்

போன சனிக்கிழமை மெல்பன் ஏர்போர்ட்டில் என் மனைவி சுகந்திக்காகக் காத்து நின்றேன். பத்து நாள் சீனப் பயணம் முடிந்து வருகிறாள். நான் ஏன் போகவில்லை? என்னை யாரும் கூப்பிடவில்லை... அவ்வளவுதான்.

மல்கிரேவில் அவளோடு ஒரே அலுவலகத்தில் வேலை செய்கிறவள் லின். சொந்த ஊர் சோங்சிங். அம்மாவைப் பார்க்கப் போகிறேன், நீயும் வருகிறாயா என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டிருக்கிறாள். இவளும் தலையாட்டிவிட்டாள். டிக்கெட் போட்ட பிறகுதான் எனக்கு அறிவிப்பு வந்தது.

"லின்ர அம்மா வீட்டில ஒரு அறைதான் சும்மா கிடக்காம். நீங்களும் வந்தா எங்கயப்பா படுக்கிறது?"

நியாயம்தானே? போய் வரட்டும் என்று பெருந்தன்மையாக இருந்தேன். அந்தப் பெருந்தன்மை முதல் வீடியோ கோல் வரைதான் தாக்குப்பிடித்தது.

ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடலையே காணாத துறைமுகம் அது. யாங்சியும் ஜியாலிங்கும் சந்திக்கும் இடத்தில், மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது நகரம். ஒரு நதி மண் நிறம், மற்றது பச்சை. சேர்ந்த பிறகும் கொஞ்சத் தூரம் முகம் கொடுத்துப் பேசாமல் ஓடுகின்றன. கரையில் பயணக் கப்பல்கள், சரக்குப் படகுகள். மேலே மலை, மலை முழுக்கக் கட்டடங்கள். அடுக்குமாடி ஒன்றின் வயிற்றுக்குள்ளால் ரயில் போகிறது! எங்கள் கிளென் வேவர்லி ரயில் என்ன செய்கிறது? வந்து நிற்கிறது. திரும்பிப் போகிறது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அவள் காட்டினாள். தினமும், நான் தனியே இருந்து பாணும் பருப்பும் சாப்பிடுகிற நேரம் பார்த்து.

கிளென் வேவர்லி ஸ்டேஷனில் முழங்கால் நோகிறது என்று லிஃப்டுக்குக் காத்து நிற்பவள், அங்கே ஆற்றங்கரையிலிருந்து படியேறிக்கொண்டே பேசுகிறாள். மூச்சு வாங்குகிறது, ஆனால் சிரிக்கிறாள்.

"முழங்கால் எப்பிடி?" என்று கேட்டேன்.

"எந்த முழங்கால்?"

சரி, இங்கிருந்தாவது உதவுவோம் என்று பார்த்தேன். ஒரு நாள் இருவரும் ஒரு சாப்பாட்டுக் கடையைத் தேடி அலைந்துகொண்டிருந்தார்கள். லின் ஊரைவிட்டு வந்த பிறகு முளைத்த தெருக்களாம், அவளுக்கே வழி பிடிபடவில்லை. நான் உடனே கம்ப்யூட்டரில் மேப்பை விரித்தேன். "ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போம். கடை கண்ணுக்கு முன்னாலதான்."

அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். அந்தப் பக்கம் ஒரு கைப்பிடிச் சுவர். அதற்கப்பால், வெகு ஆழத்தில், கடையின் கூரை.

"குதிக்கச் சொல்லுறீங்களோ?"

பின்னால் லின் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம். அந்த ஊரில் ஒரு தெருவிலிருந்து மற்றத் தெருவுக்கு லிஃப்டில் இறங்குவார்களாம். மேப் அதைச் சொல்லவில்லையே!

இதையும் பொறுத்தேன். ஆனால் மிளகாய்த்தூள்? எங்கள் ஆட்கள் எந்த நாட்டுக்குப் போனாலும் பெட்டியில் தூள் இல்லாமல் போவதில்லை. வீட்டுக்குள் புகை அலாரம் கத்தும் என்று கராஜில் வைத்து, தும்மித் தும்மி நானே வறுத்துக் கொடுத்த தூள் அது.

"தூள் போட்டுச் சமைச்சனீரோ?"

"அதை இன்னும் திறக்கேல்லையப்பா. இஞ்சத்த உறைப்புக்கு உங்கட தூள் கிட்டவும் நிக்காது."

ஒரு மனுஷன் எவ்வளவைத்தான் தாங்குவான்?

வயிறெரிந்தது. ஒளித்துப் பிரயோசனமில்லை. அந்த ஊரின் பாலங்களையும் கோபுரங்களையும் பார்த்து அல்ல. அவள் அங்கே சந்தோஷமாக இருந்தாள்... நான் இல்லாமல். என் பக்கத்தில் இருக்கும்போது அவள் இப்படிச் சிரித்ததைக் கடைசியாக எப்போது பார்த்தேன்? யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. சோங்சிங்கால் முடிந்தது என்னால் ஏன் முடியவில்லை?

ஏர்போர்ட்டில் பெட்டியை வாங்கிக் காரில் வைத்தேன். சீட் பெல்ட் போடும் முன்பே தொடங்கிவிட்டாள். கேபிள் காரில் ஆற்றைக் கடந்தது, பனிமூட்டத்தில் பாலம் பாதியோடு காணாமல் போனது, கப்பல்களின் ஊதல் சத்தத்தில் கண் விழித்தது... அதன்பிறகு லின்னின் அம்மாவோடு கார்ட்ஸ் விளையாடிய கதை. இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. கையாலேயே சண்டை பிடித்திருக்கிறார்கள்.

நடுவில் மெல்லக் கேட்டேன். "நான் இல்லாதது கஷ்டமா இருந்திருக்குமே?"

"எங்கயப்பா நேரம்!" என்றாள். உடனே விட்ட இடத்துக்குத் திரும்பிப் போனாள். இரண்டு கையும் காற்றில் பறக்கின்றன. முகம் முழுக்கச் சிரிப்பு. இந்த முறை போனில் இல்லை, பக்கத்துச் சீட்டில்.

மொனாஷ் ஃப்ரீவேயில் நாங்கள் இறங்கவேண்டிய எக்ஸிட் வந்தது. நான் நேரே ஓட்டினேன்.

"என்னப்பா, எங்கட எக்ஸிட்டை விட்டிட்டீங்கள்!"

"தெரியும். நீர் சொல்லும்... லின்ர அம்மா கார்ட்டை ஒளிச்சதைக் கண்டிட்டீர். பிறகு?"