கோப்பியைக் கூண்டுக்குப் பழக்கினேன்

1. ஒன்பதில் ஒன்று காணோம்

நாய் விடுதியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், காலை பதினோரு மணிக்குள் ஒரு நாயைத் தொலைத்துவிட்டேன். மொத்தம் இருந்தது ஒன்பது. இங்கே புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் தண்ணீர்க் கிண்ணத்தை உடைத்துவிட்டுக் கண் கலங்கி நிற்கும்போது, தைரியத்துக்கு நான் சொல்வது இந்தக் கதையைத்தான்.

விடுதி ரெம்பாவ் பக்கம், எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. வெளியூர் போகிறவர்கள், கல்யாணம் காட்சி என்று வீட்டைப் பூட்டுகிறவர்கள் நாயை இங்கே விட்டுவிட்டுப் போவார்கள். நடத்துகிறவர் ஓய்வுபெற்ற நர்ஸ், சிலோன்கார அம்மா. எங்கள் ஊரில் நர்ஸை மிஸி என்று கூப்பிடுவோம். ஓய்வுபெற்ற பிறகும் அந்தப் பேர் அவரை விடவில்லை.

நான் அதற்கு முன்னால் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினேன். இருபத்தாறு வருடம். ஒரு நாள் என் முதுகெலும்பு என்னைக் கேட்காமலே ராஜினாமா செய்துவிட்டது. பிறகுதான் மிஸியிடம் வேலை கேட்டுப் போனேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"நாய் வளர்த்திருக்கிறீரோ, மணியம்?"

"லயத்துல முப்பது நாய் மிஸி."

"முப்பதா! எல்லாம் உம்முடையதோ?"

"யாருதுன்னு யாருக்குமே தெரியாது மிஸி."

அது பொய்யில்லை. தோட்டத்து வீட்டு வரிசையான லயத்தில் யாரும் நாயைக் கட்டிப்போட மாட்டோம். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் தோட்டத்துக் கணக்கர் கிராணி பேர் கூப்பிடும்போது எங்களுக்கு முன்னால் நாய்கள்தான் வரிசையில் நிற்கும். பல நாட்கள் என்னைவிட ஒழுங்காக நின்றிருக்கின்றன. அப்படிப்பட்ட நாய்களைப் பார்த்தவனுக்கு, வரிசையாக ஒன்பது கம்பிக் கூண்டு, அதற்குள் ஒன்பது நாய் என்றால் எப்படி இருக்கும்? போலீஸ் லோக்காப்புக்குச் சாப்பாடு கொண்டுபோன மாதிரிதான் இருந்தது.

மிஸி மருந்து வாங்கப் புறப்படும்போது சொன்னார்: "பத்து மணிக்கு ஒவ்வொன்றாக வெளியில் விடும். ஒவ்வொன்றாக. விளங்கினதோ?"

விளங்கியது. ஆனால் நான்காவது கூண்டில் ஒருவன் இருந்தான். கருப்பும் பழுப்புமாக, பால் குறைவாக ஊற்றிய கோப்பி நிறம். பேரும் கோப்பிதான். மூலையில் ஒடுங்கி உட்கார்ந்து என்னையே பார்த்தான். பாவம், அழுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். கதவைத் திறந்து, "வாடா, போய் ஆடு" என்றேன். வரவில்லை. பெரிய மனசுக்காரன் இல்லையா நான், கையை விட்டு இழுத்து வெளியே போட்டேன்.

என் மோட்டார் சைக்கிள் வாசலில் பாதி உள்ளே பாதி வெளியே நின்றது. கேட்டை மூடவில்லை. மூடவேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. லயத்துக்கு ஏது கேட்? கோப்பி என் கால்களுக்கு நடுவில் புகுந்து, மோட்டாரைச் சுற்றி, ரோட்டைத் தாண்டி, செம்பனைக்குள் போயே போய்விட்டான்.

மிஸி திரும்பி வந்து கூண்டைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தோட்டத்தில் இப்ப எலிமருந்து வைக்கிற காலமோ?"

அந்தக் காலம்தான். மரத்தடிக்கு ஒன்றாக, மெழுகுக் கட்டி மாதிரி வைப்பார்கள். அந்த மருந்துப் பெட்டிகளை லாரியில் ஏற்றிப்போனவனே நான்தான். பசித்த நாய்க்கு அது மிட்டாய் மாதிரித் தெரியும்.

அன்றும் மறுநாளும் மரம் மரமாகப் போனேன். "கோப்பி! கோப்பீ!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். குலை வெட்டிக்கொண்டிருந்த இந்தோனேசியப் பையன் ஒருவன், "எனக்கு சீனி கம்மியா ஒண்ணுண்ணே" என்று மலாயில் குரல் கொடுத்தான். அவன் கூட்டாளிகள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், வேறு நாளாக இருந்தால்.

நாயின் சொந்தக்காரர் பிரகாஷ், பாரோய் ஊர்க்காரப் பையன். சிங்கப்பூரில் வேலை கிடைத்து, இரண்டு வாரத்துக்கு என்று சொல்லி விட்டுப் போனவர். மிஸி அவருக்குப் போன் போட்டு உள்ளதை உள்ளபடி சொன்னார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். அவர் ஒன்று கேட்டார்.

"நான் கொண்டாந்து விட்ட அவன் கேஜ் அங்கதானே மிஸி இருக்கு? வீட்ல இடி இடிச்சா அவனே அதுக்குள்ள போயிருவான்."

மிஸி என்னைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீரோ? அது அவனுடைய அறை. நீர் அவனை அறையிலிருந்து இழுத்து வெளியே போட்டிருக்கிறீர்."

இரண்டாம் நாள் சாயங்காலம் கூண்டை மோட்டாரில் கட்டிக்கொண்டுபோய், அவன் புகுந்த இடத்தில் வைத்தோம். கதவைத் திறந்து கயிற்றால் கட்டினோம். உள்ளே அவன் போர்வை, பிரகாஷின் பழைய டீ-சட்டை. மேலே ஒரு தார்ப்பாய்.

"இனிக் கூப்பிடாதேயும். உம்முடைய குரல் கேட்டால் இன்னும் தூரம்தான் ஓடுவான்" என்றார் மிஸி.

பொழுது சாயும் நேரத்தில் இடியோடு மழை வந்தது. விடிந்ததும் போய்ப் பார்த்தேன். கோப்பி கூண்டுக்குள் சட்டைமேல் சுருண்டு படுத்திருந்தான். உடம்பெல்லாம் சேறு. மருந்து எதையும் தின்னவில்லை. ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். 'மறுபடியும் நீயா?' என்ற பார்வை.

2. புது பக்தன்

புதிதாக பக்தியில் விழுந்தவன் எப்படி இருப்பான் என்று உங்களுக்குத் தெரியும். பழைய பக்தர்களை நிம்மதியாகச் சாமி கும்பிட விடமாட்டான். அந்த வாரத்திலிருந்து கூண்டு விஷயத்தில் நான் அப்படி ஆகிவிட்டேன். வருகிற கஸ்டமர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தேன். நாய் உள்ளே நிமிர்ந்து நிற்கணும், திரும்பணும், காலை நீட்டிப் படுக்கணும், அந்த அளவு இருந்தால் போதும். தண்டனைக்கு உள்ளே தள்ளாதீர்கள். சாப்பாட்டை உள்ளே வையுங்கள். 'கூண்டு கொடுமை இல்லை சார், அது ரூமு' என்பேன். மூன்று வாரத்துக்கு முந்திய மணியம் அதைக் கேட்டிருந்தால் என்னை அடித்திருப்பான்.

பிரகாஷின் இரண்டு வாரம் இரண்டு மாதமானது. அப்புறம் ஒன்பது மாதமானது. ஓடிப்போன சம்பவத்துக்குப் பிறகும் கோப்பி கூண்டுக்குள் தானே போவான். ஆனால் அதற்கப்புறம் கதவைச் சாத்தினால் ஊளையிடுவான். அதை நான்தான் பழக்கினேன். முதலில் ஐந்து நிமிடம், அப்புறம் பத்து, அரைமணி. ஒரு கோழிக்கழுத்தைக் கொடுத்துவிட்டுச் சாத்துவேன். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பரை உரக்கப் படிப்பேன். அரசியல் செய்தி வந்தால் சீக்கிரம் தூங்கிவிடுவான்.

சாயங்காலம் நாலு மணிக்கு அவனைச் செம்பனை ஓரம் நடக்கக் கூட்டிப்போவேன். டாக்டர் எனக்குச் சொன்ன நடை அது. ஒன்பது மாதத்தில் என் முதுகு தேறியது அவனால்தான். வீட்டில் என் பெண்டாட்டி, "என் கூடக் கடைக்கு நடந்து வாங்கன்னா முதுகு வலி, அந்த நாய்கூட மட்டும் ரெம்பாவ் வரைக்கும் நடக்கறீங்க" என்றாள். நியாயமான கேள்வி. இன்றுவரை பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆரம்பத்தில் வெள்ளைக் கார் எது போனாலும் கோப்பி கேட்டுக்கு ஓடுவான். பிரகாஷின் கார் வெள்ளை. கார் போன பிறகும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே நிற்பான். கூப்பிட்டால் காது மட்டும் என் பக்கம் திரும்பும். ஏழாவது மாதம் ஒரு நாள் வெள்ளைக் கார் ஒன்று போனது, அவன் எழுந்திருக்கவில்லை. என் செருப்பின்மேல் தலையை வைத்துப் படுத்தபடியே இருந்தான். அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டேன். அடுத்தவன் பிள்ளை அவன் அப்பாவை மறந்ததில் சந்தோஷப்படுகிறவன் எப்படிப்பட்ட ஆள் என்பதை நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் பெருமையும் சேர்ந்துகொண்டது. பிரகாஷுக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்ப ஆரம்பித்தேன். கூண்டுக்குள் கோப்பி. கதவு சாத்தியிருக்கும். கல் மாதிரி அமைதி. "பாருங்க தம்பி, அஞ்சு மணி நேரம். ஒரு சத்தம்கூட இல்ல" என்று என் குரல் பின்னால் கேட்கும்.

"சூப்பர் லா அங்கிள்!" என்று பதில் வரும். நானும் அதை இரண்டு தடவை படிப்பேன்.

பகலில் நாலு மணி நேரத்துக்கு மேல் பூட்டக்கூடாது என்பது மிஸியின் சட்டம். அதை மீறித்தான் அந்த அஞ்சு மணி நேரம். இன்னொன்றும் உண்டு. கேமராவை நாயின் பக்கம் திருப்பி வைத்ததால் நாற்காலி வீடியோவில் விழவில்லை. அதில் உட்கார்ந்திருந்த நானும் விழவில்லை.

3. "நீங்கதானே அங்கிள் அனுப்பினீங்க"

பிரகாஷ் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார். மெலிந்திருந்தார். கோப்பி கேட்டில் நின்று இரண்டு தடவை முகர்ந்தான். அப்புறம் அவன் போட்ட சத்தம் ஒன்பது மாதத்தில் நான் கேட்காத சத்தம். அவர் கழுத்தில் காலைப் போட்டு, முகத்தை நக்கி, தரையில் உருண்டு, ஒன்றுக்குப் போய்... மறந்துவிட்டான் என்று நான் நினைத்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அங்கேயே தெரிந்தது.

பிரகாஷ் இப்போது ஜொகூரில் ஒரு அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தார். பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகவேண்டும். காலை அஞ்சுக்குப் புறப்பட்டால் திரும்ப ராத்திரி ஏழு.

"அப்ப இவன்?" என்று கேட்டேன்.

"கேஜ்லதான் அங்கிள். அவன்தான் நல்லா பழகிட்டானே. நீங்கதானே வீடியோ அனுப்பினீங்க."

மிஸி கையிலிருந்த ஃபைலை மூடினார். "பதினாலு மணித்தியாலம், தம்பி. நான் வார்டில் காலொடிந்த நோயாளியைக்கூட அவ்வளவு நேரம் பார்க்காமல் விட்டதில்லை."

"தெரியும் மிஸி. வேற வழி இல்ல."

"இங்கயே இருக்கட்டும் தம்பி" என்றேன். குரல் கொஞ்சம் வேகமாக வந்துவிட்டது. "லீவு கிடைக்கறப்ப வந்து பாருங்க. நான் பாத்துக்கறேன்."

பிரகாஷ் கோப்பியின் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். "ஒம்பது மாசமா இங்க விட்டுட்டுதான் அங்கிள் இருந்தேன். ராத்திரி வந்து கதவத் தொறந்தா இருட்டா இருக்கும். லைட்ட போட்டா நான் காலைல வச்ச கப்பு அதே எடத்துல இருக்கும். யாராச்சும் இருக்கணும் அங்கிள். அவ்வளவுதான்."

அவர் சொன்னது நாயைப் பற்றி இல்லை. ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும் என்று தெரிந்தது. சொன்னால் என் மானம் போகும் என்றும் தெரிந்தது.

"தம்பி, அந்த வீடியோல எல்லாம் நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு மணி நேரம் ஓட விட்டுட்டுதான் உள்ள விடுவேன். அப்புறம் நான் பேப்பர் படிப்பேன், அவன் தூங்குவான். நாற்காலியக் காட்டாம எடுத்தேன். பெருமைக்கு. பகல்ல ஆளில்லாம அவன் அரைமணி நேரம்கூட உள்ள இருந்ததில்ல தம்பி."

பிரகாஷ் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"கீழ் வீட்ல ஒரு ஆன்ட்டி இருக்காங்க. அவங்களுக்கு நாய் பிடிக்கும். மத்தியானம் வந்து தொறந்து விடுவாங்களான்னு கேட்டுப் பாக்கறேன்."

"கேட்டுப் பார்க்க வேண்டாம்," என்றார் மிஸி. "கேட்டுவிட்டுக் கூட்டிக்கொண்டு போம்."

பிரகாஷ் அங்கேயே போன் போட்டார். நான் தள்ளி நின்றேன். அந்த ஆன்ட்டி முடியாது என்று சொல்லவேண்டும் என்று மனசுக்குள் கும்பிட்டதை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும். ஆன்ட்டியோ மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை திறந்துவிடுவதாகச் சொன்னார். நல்ல மனுஷி போலிருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை.

கூண்டைக் காரின் பின்பக்கம் வைத்தோம். கோப்பி யாரும் சொல்லாமலே குதித்து ஏறி, உள்ளே போய், ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்தான். கதவின் கொண்டியை மாட்டவேண்டியவன் நான். மாட்டினேன். கம்பிக்குள் விரலை விட்டேன், நக்கினான். கார் புறப்பட்டது. ஒரு தடவை ஊளையிட்டிருந்தால் ஓடிப்போய்க் காரை நிறுத்தியிருப்பேன், முதுகு என்ன ஆனாலும் சரி. சத்தமே இல்லை. அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தேன்.

அன்று நாலு மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்விட்டேன். பிறகுதான் ஞாபகம் வந்தது. தனியாக நடந்து பார்த்தேன். அரைவழியில் திரும்பிவிட்டேன்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கூண்டுக்குள் நாய் அமைதியாக இருப்பதை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள். நிம்மதியாக இருக்கிற நாயும் சத்தம் போடாது, யாரும் வரமாட்டார்கள் என்று விட்டுவிட்ட நாயும் சத்தம் போடாது. கதவைத் திறக்கிற நேரத்தில்தான் எது எது என்று தெரியும். இப்போது சொந்தக்காரர்களுக்கு அந்த நேரத்து வீடியோவை மட்டும்தான் அனுப்புகிறேன். சோம்பல் முறித்துக்கொண்டு மெதுவாக வருகிறதா, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பாய்கிறதா என்று அவர்களே பார்க்கட்டும்.

பிரகாஷிடமும் அதையே கேட்டிருந்தேன். ஒரு வாரம் எதுவும் வரவில்லை. எட்டாம் நாள் வந்தது. வளையல் போட்ட ஒரு கை கொண்டியைத் திறக்கிறது. கோப்பி எழுந்து, முன்னங்காலை நீட்டி, நிதானமாகக் கொட்டாவி விடுகிறான். அப்புறம் வாலை ஆட்டிக்கொண்டு அந்தக் கைக்குப் பக்கத்தில் போகிறான். நல்ல வீடியோ. மிஸியிடம் காட்டினேன். "நன்றாக இருக்கிறான்" என்றார்.

"ஆமா மிஸி" என்றேன். அப்புறம் ஒன்பதாவது கூண்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். கதவு திறக்கும்போது, வாடா என்று என் கை தானாகவே தொடையில் தட்டியது.