பாப்பாத்தியக்கா லாரியின் மூன்றாவது கியர்

கியர் ஆயில் கடைக்கு யாரும் சும்மா வருவதில்லை. வண்டிக்குள் கேட்கக் கூடாத சத்தம் எதையோ கேட்டுவிட்டுத்தான் வருவார்கள். “கொர்ருங்குது”, “ஞொய்ங்குது” என்று வாயாலேயே செய்து காட்டுவார்கள். கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கும் உங்களுக்கும் இந்த அவஸ்தை தெரிந்திருக்கும். சங்ககிரியில் நான் பட்டதைக் கேளுங்கள்.

வாய்க்குள் பாட்டு

பாப்பாத்தியக்காவுக்கு நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை. நாலு சக்கரமும் இழுக்கும் பழைய மிலிட்டரி லாரி ஒன்றை அவர் கணவர் ஏலத்தில் எடுத்திருந்தார். கணவர் இறந்த பிறகு தீவன மூட்டை ஏற்றிக்கொண்டு அக்காவே அதை ஓட்டுகிறார். கியர் விழ மாட்டேன் என்கிறது என்று கடைக்கு வந்தார். கேட்டுப் பார்க்கலாம் என்று நானும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

மூன்றாவது கியரில் ஒரு முனகல் எழுந்தது. தேய்ந்த பல்லின் சத்தம் எனக்குத் தெரியும், இது வேறு. அக்கா ஆக்ஸிலேட்டரை அசைக்கவே இல்லை. ஆனாலும் சத்தம் நடுவில் நின்று, மூச்சு வாங்கி, மறுபடி தொடங்கியது. நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்:

“என்ற ஊட்டுக்காரருங்க தம்பி. வண்டி ஏறுனா இப்படித்தான் வாய்க்குள்ளயே பாடிக்கிட்டு வருவாரு.”

தங்கத் தூள்

கியர் பாக்ஸிலிருந்து வடித்த ஆயிலை வெயிலில் காட்டினேன். தங்கத் தூளைக் கரைத்தது போல மின்னியது. பின் ஆக்ஸிலுக்கான ஜிஎல்-5 ஆயிலையே கணவர் கியர் பாக்ஸுக்கும் ஊற்றி வந்திருக்கிறார். இந்தக் காலத்து ஆயில், விலையும் கூடுதல், ஆக்ஸிலுக்கு அருமையானது. ஆனால் அதிலுள்ள கந்தகச் சேர்மானம் பழைய கியர் பாக்ஸின் பித்தளை வளையங்களை அரித்துவிடும். கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4 போதும் என்று விளக்கினேன். அக்கா அந்த மினுக்கத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“வெளிய பளபளன்னு இருந்துக்கிட்டு உள்ளுக்குள்ள அரிச்சிருக்குது. அவரு ஊத்துனதாச்சே, அப்படித்தான் இருக்கும்.”

சத்தம் நின்றது

கொஞ்சம் கெட்டியான ஜிஎல்-4 ஊற்றி அனுப்பினேன். லாரி பூனை மாதிரி போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சில நாளில் அக்கா பஸ்ஸில் வந்து இறங்கினார். முகம் வெளிறியிருந்தது.

“வண்டில சத்தமே இல்லீங்க தம்பி. எறங்கி ஊட்டுக்குள்ள வந்துட்டாருங்க.”

பண்ணையில் ஒரு மத்தியானம்

சமாதானம் சொல்லத்தான் போனேன். அன்றைக்குக் கரண்ட் இல்லை. மோட்டார், ஃபேன் எதுவும் ஓடவில்லை. அக்கா மோர் கொண்டுவந்து கொடுத்தார். அப்போது சமையலறைப் பக்கமிருந்து அதே முனகல் வந்தது. வெளியே கொட்டகையில் இரைந்துகொண்டிருந்த கோழிகள் ஒரே நேரத்தில் அடங்கிவிட்டன. முனகல் நின்று, மூச்சு வாங்கி, மறுபடி தொடங்கியது. இந்தத் தடவை இன்னும் கிட்டத்தில்.

மோரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினேன். அக்கா சுவரோடு ஒட்டி நின்று, முழங்கையை முகத்துக்கு நேராக உயர்த்தியிருந்தார். உயர்த்தியது அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். “ஏனுங்கக்கா, உங்களை நல்லாத்தானே வெச்சிருந்தாரு?” என்றேன்.

“வண்டில இருக்கற மட்டும் தங்கமான மனுசனுங்க. ஊட்டுக்குள்ள வந்தாத்தான் கை நீளும். அந்தப் பழைய ஆயிலையே ஊத்திருங்க சாமி.”

தொழிலுக்கு ஆகாத வேலை

ஊற்றினேன். வண்டியைக் கெடுக்கும் என்று தெரிந்தே அன்று சாயங்காலமே ஜிஎல்-5 ஊற்றினேன். மூன்றாவது கியரில் முனகல் திரும்பியது. வீடு அமைதியானது. அக்கா நிம்மதியாகத் தூங்கினார். லாரிக்குத்தான் ஆயுசு குறைந்தது. கடைசியில் மூன்றாவது கியர் விழவே இல்லை. பார்ட்ஸும் கிடைக்கவில்லை. ஆள் பார்த்து விற்றுத் தரச் சொன்னார்.

“வாங்கறவங்க ஊட்ல பொம்பளைங்க இருக்காங்களான்னு மட்டும் கேட்டுட்டு வித்துருங்க தம்பி.”

கேட்டுத்தான் விற்றேன். வாங்கியவர் கோயம்புத்தூரில் தனியாக இருக்கிறவர், பழைய வண்டிப் பிரியர். எங்கெங்கோ தேடிப் பார்ட்ஸ் வாங்கி லாரியை ஓட வைத்துவிட்டார். போன வாரம் போன் செய்தார்.

“அண்ணா, மூணாவது கியர்ல ஒரு சத்தம். வர்ற மாசம் எனக்குக் கல்யாணம், அதுக்குள்ள சத்தத்தை நிறுத்தற மாதிரி நல்ல ஆயிலாச் சொல்லுங்க.”

எந்தக் கியருக்கு எந்த ஆயில் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுகிற நான், பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்ததோடு சரி, அவரை இன்னும் திரும்பக் கூப்பிடவில்லை.