சும்மா இருக்கிற பக்கம்

தவமணியோடு படித்தவர்களே, இதை யாரிடமும் காட்டாதீர்கள். நாளை நானே வாய் திறக்கும்வரை மட்டும்.

தவமணி இறந்த சேதியை எனக்கு யாரும் வந்து சொல்லவில்லை. சனிக்கிழமை மத்தியானம், மழை இருட்டில் எரிந்துகொண்டிருந்த எங்கள் வீட்டு விளக்கு அணைந்தது. பக்கத்தில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் ஜெனரேட்டர் சத்தம் நின்றது. பிறகு பெண்கள் அலறினார்கள்.

நம் வகுப்பில் அவள் சைக்கிள் டைனமோவைப் பிரித்துக் காட்டியது நினைவிருக்கிறதா? மின்சாரம் எங்கே உண்டாகிறது என்று டீச்சர் கேட்டபோது, சுற்றுகிற பாகத்தில் என்று எல்லோரும் கத்தினோம். அவள் சிரித்தாள். "சுத்துறது வெறும் காந்தம்டி. அதச் சுத்தி அசையாம இருக்கு பாரு செப்புக்கம்பி, கரண்டு அதுலதான் வருது. எங்க வீடு மாதிரி. எங்கப்பா ஊரெல்லாம் சுத்துறாரு, அரிசி எங்காத்தா கையிலருந்துதான் வருது."

காந்தத்தின் வடமுனை கம்பியைக் கடந்தால் மின்சாரம் ஒரு பக்கம் ஓடும். தென்முனை கடந்தால் திரும்பி ஓடும். "போடிக்கும் தேவாரத்துக்கும் போய்ட்டுப் போய்ட்டு வர்ற பஸ்சு" என்றாள். பெரிய ஜெனரேட்டரும் அப்படித்தானாம்.

விடுமுறை நாட்களில் சிலமலையிலிருந்து ஜீப்பில் எங்கள் எஸ்டேட்டுக்கு வேலைக்கு வருவாள். இந்த மலையில் என்னோடு பேச அவள் ஒருத்திதான்.

என் அப்பாதான் ஸ்டோருக்கு சூப்பர்வைசர். அன்று விளக்கு அணையுமுன், ஓடுகிற ஜெனரேட்டரைத் துடைக்கச் சொல்லி அவர் தவமணியை விரட்டியது ஜன்னல் வழியாகக் கேட்டது.

"சுத்துற பக்கம் கைய வைக்காத. சும்மா இருக்கிற பக்கம் மட்டும் ஈரத்துணியால தொடச்சிட்டு வெரசா வா."

"அண்ணே, கரண்டு வர்றதே அந்தப் பக்கம்தான். கம்பி மாட்டுன பெட்டிக்கு மூடியும் இல்ல. நிப்பாட்டுங்க, தொடைக்கிறேன்."

"நிப்பாட்டுனா காயோட பச்ச நெறம் போயிரும், வெல கெடைக்காது. எனக்கே பாடம் எடுக்கிறியா? சோலியப் பாரு."

நான் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. அப்பா என்றால் எனக்குப் பயம்.

விளையாட்டுப் புத்தியில் அவள் ஓடுகிற மிஷினுக்குள் துப்பட்டாவை விட்டுவிட்டாள் என்று அப்பா எல்லோரிடமும் சொல்கிறார். அவளுடைய ஆத்தாவும் நம்பி, "பொறுப்பில்லாத கழுத" என்று மகளைத் திட்டியே அழுகிறார். நாளை போலீஸ் வந்தால், நான் போடியில் இருந்ததாகச் சொல்ல வேண்டுமாம்.

அவளுடையதாக என்னிடம் இருப்பது அந்தத் துப்பட்டா. அன்று வேலைக்குப் போகுமுன் கழற்றி, "நனையாம வச்சிருடி" என்று என் கையில் கொடுத்தாள். கிழியவில்லை. ஒரு கறைகூட இல்லை. அதைப் போலீஸ் கையில்

அப்பா கதவைத் தட்டுகிறார். "ஆத்தா, இன்னும் தூங்கலயா? கதவத் தெற."