சைக்கிளில் விழுந்தவர்கள்

2024 பெப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை. காலை 4.50க்கு எழும்பினேன். மழைமானியில் மூன்று மில்லிமீற்றர். வெற்றிலைக் கொடிகளுக்குத் தண்ணீர் வேண்டியதில்லை என்று குறித்துக்கொண்டேன். 5.20க்கு அப்பாவின் காலத்துக் கண்ணாடிக்கு முன்னால் நின்று முகம் வழித்தேன். நாடியில் இரண்டு வெட்டு விழுந்தது. 6.05க்குத் தேநீர். 6.40க்கு மனைவியும் நானும் களுதாவளைச் சந்தியில் மட்டக்களப்பு பஸ்ஸுக்காக நின்றோம்.

நாடியில் வெட்டு விழுந்ததற்குக் காரணம் என் வலது கை. முந்தைய நவம்பரிலிருந்து பெருவிரலும் சுட்டுவிரலும் விறைத்திருந்தன. அதை முதலில் காட்டிக்கொடுத்தது தினக்குறிப்புத்தான். நவம்பர் நடுப்பகுதியிலிருந்து எழுத்துகள் சிறுத்துக்கொண்டே போயிருந்தன. நான் ஓர் அலுவலகத்தில் படவரைஞராக இருக்கிறேன். இப்போது எல்லாம் கணினி என்றாலும், எல்லைக் கோடுகளைப் பென்சிலால் சரிபார்க்காமல் எந்தப் படத்தையும் நான் வெளியே விடுவதில்லை. கிளினிக்கில் இருந்த டொக்டர், கழுத்தெலும்புக்கிடையில் நரம்பு நசிகிறது போலிருக்கிறது என்றார். “எம்.ஆர்.ஐ. ஒண்டு எடுத்திட்டு வாங்க. அதப் பாத்துத்தான் கழுத்தில கத்தி வைக்கிறதா இல்லையா எண்டு சொல்லலாம். கனநாள் விட்டா விரல் திரும்பி வராது.”

ஸ்கேன் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று அதுவரை நினைத்திருந்தேன். சி.டி., எம்.ஆர்.ஐ., வயிற்றில் பசை பூசி எடுப்பது, எல்லாமே ஒரு மெஷினுக்குள் படுக்கிற காரியம். எதற்காக ஒன்றைவிட்டு மற்றதை எழுதினார், முந்தி எடுத்த படங்கள் உண்டா என்று ஏன் கேட்கவில்லை என்றெல்லாம் நான் டொக்டரிடம் கேட்டிருக்க வேண்டும். கேள்வி கேட்டால் பதில் கேள்வி வரும் என்ற பழக்கத்தில் நான் எங்கேயும் கேள்வி கேட்பதில்லை.

கல்லடிப் பாலம் நெருங்கியபோது என் கை தானாகச் சட்டைப்பைக்குள் இருந்த அடையாள அட்டையைத் தொட்டது. யுத்த காலத்துச் சோதனைச் சாவடி போய்விட்டது; பாலத்தில் இப்போது யாரும் மறிப்பதில்லை. வாவி தட்டையாகக் கிடந்தது. இரண்டு தோணிகள் வலை இழுத்துக்கொண்டிருந்தன.

ஸ்கேன் நிலையம் நகரத்துக்குள் ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. 8.15க்கு உள்ளே போனோம். கூரையில் இரண்டு கமரா இருப்பதைக் கண்டேன். ஒன்று கதவைப் பார்த்தது. மற்றது வாங்குகளைப் பார்த்தது. நோயாளிகள் உட்காரும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய தேவை என்ன என்று யோசித்தேன். மூலையில் ஓர் ஆள், கையில் எந்தக் காகிதமும் இல்லாமல், போனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முதுகு தெரியும்படி உட்கார்ந்தேன்.

ஒரு படிவம் தந்தார்கள். என் எழுத்து இப்போது பிறருக்கு விளங்காததால் மனைவி நிரப்பினாள். அவளுக்கு எதையும் மனதுக்குள் வாசிக்கத் தெரியாது.

“இதயத்துக்கு மெஷின் வைச்சிருக்கா? இல்ல. சிறுநீரக வருத்தம்? இல்ல. இது என்னத்துக்குக் கேக்காங்க? கழுத்தத்தானே பாக்கிற?”

பக்கத்து வாங்கில் இருந்த அம்மா ஒருவர், தனக்கும் அதைக் கேட்டார்கள் என்றும், ஊசியில் மருந்து ஏற்றிப் படம் எடுப்பதென்றால் சிறுநீரகம் நல்லாயிருக்க வேண்டும் என்றும் சொன்னார். மனைவி தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.

“உடம்புக்குள்ள துவக்குச் சன்னம், ஷெல் துண்டு, இரும்புத் தூள்… இல்ல.”

என்னைக் கேட்காமலே இல்லை என்ற பெட்டிக்குள் சரி போட்டாள். இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு என்னைக் கேட்க வேண்டிய தேவை இல்லை. நான் கமராவைப் பார்த்தேன். கையெழுத்து மட்டும் என்னுடையது. அதுவும் கோணலாக விழுந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்குப் பத்தொன்பது வயதில், வாவிக்கு அப்பால் படுவான்கரையில், எங்கள் வயல் வட்டையில் வெட்டிய நெல்லுக்குக் காவல் இருந்தபோது ஒரு ஷெல் விழுந்தது. அரை நெல்லளவு துண்டொன்று என் இடது புருவத்தின் ஓரத்தால் உள்ளே போனது. எடுக்கப் போனால் பார்வைக்கு ஆபத்து, இருக்கிற இடத்தில் இருக்கட்டும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். சுற்றிவளைப்புகளில் படையினர், காயத்தழும்பு உள்ளவர்களை இயக்கத்தில் இருந்தவர்கள் என்று சந்தேகித்து வரிசையிலிருந்து வெளியே எடுத்து வைத்த காலம் அது. என்னை இரண்டு தடவை எடுத்தார்கள். முதல் தடவை உண்மையைச் சொன்னேன். நெல்லுக்குக் காவல் இருந்தேன் என்பதை யாரும் நம்பவில்லை. மாலை வரை வெயிலில் குந்தியிருந்தேன். அன்பாகப் பேசியவர்தான் அதிகம் கேட்டார். இரண்டாம் தடவை சைக்கிளில் விழுந்தேன் என்றேன். பத்து நிமிடத்தில் விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு எல்லாரிடமும் சைக்கிள்தான். வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் சைக்கிள். பெண் பார்க்கப் போன வீட்டில் சைக்கிள். ஒரு நாளின் வெப்பத்தைக்கூடத் தவறாக எழுதாத என் தினக்குறிப்பிலும், ‘சைக்கிளில் விழுந்து புருவத்தில் காயம்’ என்றுதான் இருக்கிறது. வீட்டைச் சோதிக்க வருகிறவர்கள் முதலில் தினக்குறிப்பைத்தான் தூக்குவார்கள்.

9.10க்கு என் பெயரைக் கூப்பிட்டார்கள். படம் எடுப்பவர் ஒரு பெண், முப்பது வயதிருக்கும், முக்காடு போட்டிருந்தார். ஏறாவூர் என்று மனைவி இரண்டு நிமிடத்தில் கேட்டு அறிந்துவிட்டாள். மணிக்கூடு, மோதிரம், பெல்ட், வங்கி அட்டை எல்லாவற்றையும் ஒரு தட்டில் வாங்கி வைத்தார். தன் பேனையையும் அதே தட்டில் வைத்தார். பிறகு, எழுதிக் கொடுத்த அதே கேள்விகளை முதலிலிருந்து வாயால் கேட்கத் தொடங்கினார்.

எழுதிக் கொடுத்ததைத் திரும்பக் கேட்பவர்களை நான் அறிவேன். பதிலில் வார்த்தை மாறுகிறதா என்று பார்ப்பார்கள்.

“ஐயா, உடம்புக்குள்ள இரும்பு ஏதும் கிடக்கா? ஷெல் துண்டு, சன்னம்?”

“இல்ல.”

“புருவத்தில ஒரு தழும்பு இருக்கே?”

நான் வாயைத் திறக்குமுன் மனைவி சொன்னாள்: “அது சைக்கிள்ல விழுந்த காயம் புள்ள. கலியாணத்துக்கு முந்தியே.”

“சைக்கிளா?” என்றார் அந்தப் பெண். சிரிக்கவில்லை. “இஞ்ச வாற ஆக்கள் கனபேர் சைக்கிள்ல விழுந்தவங்கதான் அன்ரி. எங்கட வாப்பாவும் சைக்கிள்ல விழுந்தவர்தான். அவருக்கு முழங்காலுக்குள்ள மூணு துண்டு.”

தன் தகப்பனைப் பற்றிச் சொல்லி என்னைச் சொல்ல வைக்கப் பார்க்கிறாரா? வெயிலில் குந்தியிருந்த அன்றும் ஒருவர் தன் தம்பியைப் பற்றிச் சொன்ன பிறகுதான் என்னைக் கேட்டார்.

“இந்தப் பத்திரம் எங்க போகும்?” என்று கேட்டேன்.

“இஞ்ச ஃபைல்ல இருக்கும். டொக்டருக்கு அறிக்கை போகும்.”

“வேற ஆர் பாப்பாங்க?”

“நானும் டொக்டரும் மட்டுந்தான்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஐயா, எப்பிடி வந்த, எந்த இடத்தில வந்த எண்டு எனக்குத் தேவையில்ல. அதக் கேக்கிற பெட்டியே இந்தப் பத்திரத்தில இல்ல, பாருங்க. எங்க கிடக்கு எண்டு மட்டுந்தான்.”

“இல்லையே” என்றேன்.

மனைவியை வெளியே இருக்கச் சொன்னார். நான் அவர்கள் தந்த நீல உடுப்பை மாற்றிக்கொண்டு வந்தேன். காந்த அறையின் கதவு தடிப்பாக இருந்தது. கதவு திறந்தபோது உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. இன்னும் போடவில்லையா என்று கேட்டேன்.

“இதுக்குப் போடுற, நிப்பாட்டுற எண்டு ஒண்டும் இல்ல ஐயா. காந்தம் எந்த நேரமும் வேல செய்யும். சத்தம் வாறது படம் எடுக்கக்குள்ள மட்டும். சும்மா கிடக்கு எண்டு நினைச்சுத்தான் ஆக்கள் பிழை விடுற. கையில கிடக்கிற இரும்ப இழுத்தா நமக்குத் தெரியும். உடம்புக்குள்ள கிடக்கிறது திரும்பினா, திரும்பின பிறகுதான் தெரியும்.” என் முகத்தைப் பார்த்தார். “முழங்கால் எண்டாச் சில நேரம் பரவாயில்ல, டொக்டர்மார் பாத்து முடிவெடுப்பாங்க. கண்ணுக்குப் பக்கத்தில எண்டா நான் ஒருக்காலும் உள்ள விடமாட்டன். கடைசியாக் கேக்கன் ஐயா, உடம்புக்குள்ள இரும்பு ஏதும் கிடக்கா?”

வாசலில் ஒரு மஞ்சள் கோடு இருந்தது. என் கால் அதற்கு ஒரு சாண் இந்தப் பக்கம். பத்திரத்தோடு சேர்த்து, அவர் கேட்டது மூன்றாவது தடவை. மூன்று தடவையும் ஒரே கேள்வி. என்னை விசாரித்தவர்கள் ஒவ்வொரு தடவையும் கேள்வியை மாற்றித்தான் கேட்டார்கள். அந்த வித்தியாசம் அந்தக் கோட்டில் நின்றபோதுதான் எனக்குப் பட்டது. அப்போதும் நான் முழுதாக நம்பவில்லை. நம்பாமலேதான் சொன்னேன்.

“ஒரு துண்டு கிடக்கு. இடது கண்ணுக்குப் பக்கத்தில.”

அவர் எதையும் எழுதவில்லை. முதலில் கதவை மூடினார். பிறகு, “வாங்க ஐயா, வெளிய போவம்” என்றார்.

படிவத்தைத் திருத்த வேண்டும், நிரப்பியவரே திருத்த வேண்டும் என்றதால் மனைவியைக் கூப்பிட்டார்கள். அவள் ‘இல்லை’யை வெட்டினாள். ‘ஆம்’ என்ற பெட்டியில் சரி போட்டாள். எதற்குப் போடுகிறாள் என்று பேனையைத் தாளிலிருந்து எடுத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. என்னைப் பார்த்தாள். அந்தப் பெண்ணைப் பார்த்தாள். வாங்குகள் நிறைய ஆட்கள் இருந்தார்கள்; படிவத்தைத் திருப்பி நீட்டினாள்.

அந்தப் பெண் டொக்டருடன் போனில் பேசினார். பேசும்போது என் பெயரைச் சொல்கிறாரா, இலக்கத்தைச் சொல்கிறாரா என்று கவனித்தேன். இலக்கத்தைத்தான் சொன்னார். முடிவு இதுதான்: காந்தப் படம் இல்லை. முதலில் கண்குழியை எக்ஸ்ரே எடுத்துத் துண்டு எங்கே இருக்கிறது என்று பார்ப்பது, கழுத்துக்கு சி.டி. எடுப்பது. சி.டி.யும் எக்ஸ்ரே கதிர்தான், காந்தம் இல்லை, இரும்பு அசையாது என்று விளங்கப்படுத்தினார். நரம்பு காந்தப் படத்தில்தான் வடிவாகத் தெரியும். இது அவ்வளவு தெளிவாக இராது. ஆனாலும் எலும்பு எங்கே நசிக்கிறது என்று பார்க்கலாம். கதிர் என்பதால் தேவையில்லாமல் திரும்பத் திரும்ப எடுக்கக் கூடாது. அதனால் முன்பு எடுத்த படம் எதுவும் இருந்தால் கொண்டுவரச் சொன்னார்.

“காயம் பட்ட நேரம் எடுத்த படம் ஏதும் கிடக்கா ஐயா? துண்டு அண்டைக்கு இருந்த இடத்திலயே இருக்கா எண்டு பாக்கலாம்.”

பழைய படத்தை ஏன் கேட்கிறார் என்று மறுபடியும் எனக்குள் ஒன்று எழும்பியது. “தேடிப் பாக்கன்” என்றேன். வியாழன் காலை வரச் சொன்னார்.

பஸ் பாலத்தைக் கடந்த பிறகு மனைவி தொடங்கினாள்.

“எனக்கும் சைக்கிள்தானா?”

“எல்லாருக்கும் அதுதான் சொன்னது.”

“நான் எல்லாரும் இல்லயே. இருவத்தாறு வருசம். பிள்ளைக்கு ஒரு தும்மல் வந்தாலும் நேரம் போட்டு எழுதுற மனிசன்.” ஜன்னல் பக்கம் திரும்பினாள். மறுபடியும் என் பக்கம் திரும்பினாள்: “இஞ்சருங்க, எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்தான்கா. சைக்கிள்ல ஏறினா நேராப் போகத் தெரியாத ஆள். கலியாணம் முடிச்சு ஒரு நாளாவது என்னய முன்னுக்கு ஏத்திட்டுப் போயிருக்கீங்களா? விழுந்த பயத்திலதான் ஓடுறல்ல எண்டு நானும் நினைச்சிட்டு இருந்த.”

முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். நான் குரலைத் தாழ்த்தச் சொன்னேன்.

“ஏன், இவரும் எழுதி எடுப்பாராமா?” என்றாள், இன்னும் சத்தமாக. பிறகு கேட்டாள்: “இண்டைக்கு நான் போட்ட சரியோட நீங்க உள்ள போயிருந்தா? கண் போயிருந்தா? நான் போட்ட சரி அது.”

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பஸ் ஆரையம்பதியைத் தாண்டியிருந்தது. நேரம் 11.35.

பிற்பகல் தினக்குறிப்பை எடுத்தேன். நடந்ததை எழுதுவதா என்று வெகுநேரம் யோசித்தேன். அந்தக் காலம் திரும்பி வராது என்று உறுதி சொல்ல யாரால் முடியும்? இன்றைக்கு இரண்டு பேர் மட்டும் பார்க்கிற ஃபைலை நாளைக்கு யார் திறப்பார்கள்? ‘எம்.ஆர்.ஐ. எடுக்கவில்லை, சி.டி.க்கு மாற்றம்’ என்று மட்டும் எழுதி, காரணம் எழுதாமல் மூடினேன். மனைவி அந்தப் பக்கத்தை வாசித்தாள் என்பது தெரியும். கொப்பியை அவள் வேறு பக்கமாகத் திருப்பி வைத்திருந்தாள்.

பெப்ரவரி 7, புதன்கிழமை. காலை 4.50க்கு எழும்பினேன். மழைமானியைப் பார்க்கப் போகவில்லை. முதல் வேலையாக அப்பாவின் கண்ணாடியை ஆணியிலிருந்து கழற்றி மேசையில் குப்புற வைத்தேன். பின்பலகையில் நாலு ஸ்குரூ. என் பெருவிரலுக்குப் பிடி கிடைக்கவில்லை; ஸ்குரூ டிரைவர் இரண்டு தடவை வழுக்கியது. மனைவி தேநீரை வைத்துவிட்டு வந்து அதை என் கையிலிருந்து வாங்கினாள். நாலையும் அவளே கழற்றினாள். பலகைக்கும் கண்ணாடிக்கும் இடையில், பழைய பத்திரிகைத் தாளில் சுற்றியபடி, அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து சோதனைக்குத் தப்பப் பாய்க்குள் சுருட்டிக் கொண்டுவந்து ஒளித்து வைத்த எக்ஸ்ரே படம் இருந்தது. ஒரு மூலை பலகையோடு ஒட்டியிருந்தது. கிழியாமல் எடுத்தோம். அவள் அதை மின்குமிழுக்கு நேரே உயர்த்திப் பிடித்து, நான் காட்டுமுன் அந்த வெள்ளைப் புள்ளியைக் கண்டுபிடித்து, வியாழன் கொண்டுபோகிற உறைக்குள் முதலாவதாக வைத்தாள்.