கொக்குவிலுக்குப் போன சனிக்கிழமையும் நான் எழுதாமல் விட்ட வரியும்

மகள் மூளையைப் பற்றிப் படிக்க ஆசைப்படுகிறாள், கையைக் கடிக்காத செலவில் நல்ல கல்லூரி எப்படித் தேடுவது என்று போன வாரம் ஒரு வாசகி கேட்டிருந்தார். நான் வழக்கமாக பஸ் நேரமும் தங்குமிடமும் எழுதுகிறவள். ஆனால் அதே கேள்வியோடு நானும் ஒரு பயணம் போயிருக்கிறேன். இருபத்தெட்டுக் கிலோமீற்றர்தான். இதுவரை எங்கும் எழுதியதில்லை. வெட்கம்.

1992 வைகாசி, ஒரு சனிக்கிழமை. நானும் சுகந்தியும் கரவெட்டியில் ஒரே வகுப்பு. உயர்தரப் பரீட்சையில் இரண்டு பேருக்குமே மருத்துவ பீடத்துக்குப் புள்ளி போதவில்லை. அவளுக்குக் குறைந்தது கொஞ்சம், எனக்கு அதைவிட அதிகம். மூளையைப் படிக்கும் ஆசை முதலில் அவளுடையது. அவளுடைய அக்காவுக்கு வலிப்பு வரும். எத்தனை மணிக்கு வந்தது, எந்தக் கை முதலில் இழுத்தது, எத்தனை நிமிடம் நீடித்தது என்று ஒவ்வொரு முறையும் ஒரு கொப்பியில் குறித்து வைப்பாள். அந்தக் கொப்பியை வாசித்துத்தான் எனக்கும் ஆசை பிடித்தது.

இந்தியாவில் படித்துத் திரும்பிய பெண் விரிவுரையாளர் ஒருவர் கொக்குவிலில் இருந்தார். இந்தியக் கல்லூரிகளின் விபரம் அவரிடம் உண்டு, சனி காலை பத்து மணிக்குள் போனால் வீட்டில் பிடிக்கலாம் என்று கேள்விப்பட்டோம். போரால் பெற்றோல் கிடைக்காத காலம். பஸ்ஸை நம்ப முடியாது. ஐந்தே முக்காலுக்கு இரண்டு சைக்கிள்களில் புறப்பட்டோம்.

வல்லை வெளியில் சோழகக் காற்று நேரே முகத்தில் அடித்தது. பாலத்தைத் தாண்டும்வரை இறங்கி உருட்டினோம். (இன்று சைக்கிளில் போகிறவர்களுக்கும் சொல்கிறேன்: வைகாசி, ஆனி மாதங்களில் ஆறு மணிக்கு முன்பே அந்த வெளியைக் கடந்துவிடுங்கள்.) எட்டேகாலுக்குக் கோப்பாய். அங்கே சுகந்தியின் பின் ரியூப் வெடித்தது.

சைக்கிள் கடைக்காரர் ரியூபைத் தடவிப் பார்த்தார். “ஒட்டலாம் தங்கச்சி. ஆனா சொலூசன் முடிஞ்சுது. இருபாலையிலை போய் வாங்கிக்கொண்டு வரோணும். ஒண்டரை மணித்தியாலம் செல்லும்.”

“இரவல் சைக்கிள், விட்டிட்டு வரேலாது,” என்றாள் சுகந்தி என்னிடம். “நீ போ. மிஸ் வெளிக்கிட்டிடுவா. எனக்கும் சேர்த்து எழுதிக்கொண்டு வா.”

கல்வியங்காடு, திருநெல்வேலி வழியாக ஏழு கிலோமீற்றர். ஒன்பது மணிக்குக் கொக்குவிலில் இருந்தேன். மிஸ்ஸுக்கு முப்பது வயதிருக்கும். சுற்றி வளைக்காமல் பேசினார்.

“நரம்பறிவியல் எண்டு முதல் பட்டம் தேடி அலையாதையும். உடற்றொழிலியல், இல்லாட்டி விலங்கியல் எடும். பிறகு முதுகலையிலை மூளைக்குப் போகலாம். கல்லூரியின்ரை பெயரைப் பார்க்காதையும். ஆய்வுகூடத்திலை ஒரு நுணுக்குக்காட்டிக்கு எத்தினை பிள்ளையள் எண்டு கேளும்.”

மின்சாரம் இல்லாததால் போட்டோப் பிரதி என்ற பேச்சே இல்லை. அவர் தந்த கடிதங்களைப் பார்த்து இரண்டு தாள்களில் எழுதத் தொடங்கினேன். நான்கு கல்லூரிகள், எல்லாவற்றிலும் வெளிநாட்டு மாணவருக்குத் தனிக் கட்டணம். எங்கள் இரண்டு வீடுகளாலும் முடியாத தொகை. ஐந்தாவது கடிதத்தில், இலங்கை மாணவர் ஒருவருக்குக் கட்டணமும் விடுதியும் இலவசம் என்றிருந்தது.

“ஒரு இடம்தானோ மிஸ்?”

“ஓம், ஒண்டுதான். புள்ளியைப் பார்த்துத்தான் எடுப்பினம். புதன்கிழமைக்குள்ளை விண்ணப்பத்தைத் தாரும், கொழும்புக்குப் போற ஆளிட்டைக் குடுத்து விடுவன்.”

என் தாளில் ஐந்தையும் எழுதினேன். சுகந்தியின் தாளில் நான்கோடு நிறுத்தினேன். எழுத்துக்கூடக் கோணவில்லை. அதுதான் இன்றும் என்னைக் கூசவைக்கிறது.

கோப்பாய்க்குத் திரும்பியபோது சைக்கிள் தயார். ஒட்டுக்கூலி பன்னிரண்டு ரூபா. மிச்சக் காசில் எனக்கென்று பேக்கரியில் ஒரு பணிஸ் வாங்கி வைத்திருந்தாள். தாளை இரண்டு தரம் வாசித்தாள்.

“காசு கட்டாமல் ஒண்டும் இல்லையோ?”

“இல்லையடி.”

“சரி. ஒரு வருசம் ரியூசன் குடுத்துச் சேர்த்துப் பார்ப்பம்.”

திரும்பும்போது காற்று முதுகில் தள்ள, வழி முழுக்க அவள் கதைத்துக்கொண்டே வந்தாள். நான் பணிஸைக் கடிக்காமல் பையில் போட்டுக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை தனியே போய் விண்ணப்பத்தைக் கொடுத்தேன். ஆடியில் இடம் கிடைத்தது. வழியனுப்ப வந்த சுகந்தி, “எப்பிடியடி?” என்று கேட்டாள். “அந்த இலவச இடம் பிறகுதான் வந்ததாம்,” என்றேன். அவள் அந்த வலிப்புக் கொப்பியை என் பையில் வைத்தாள். “அங்கை பெரிய ஆக்களிட்டைக் காட்டு.” தரைப்பாதை மூடியிருந்ததால் கடலேரியைப் படகில் கடக்கும்போது அந்தப் பையை மடியில் வைத்திருக்க முடியாமல் காலடியில் இறக்கி வைத்தேன்.

1995 மாசியில் விடுமுறைக்கு வந்தபோது அவள் வீட்டுக்குப் போய், வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

முழுவதையும் கேட்டாள். பிறகு, “எனக்கு உன்னைவிடப் புள்ளி கூட. அதுதானே?” என்றாள்.

“ஓம்.”

“ஏன் இப்ப சொல்லுறாய்? உன்ரை பாரத்தை இறக்கவோ?”

அக்காவுக்குக் குளிசை கொடுக்க உள்ளே போனவள் திரும்பி வரவில்லை. எங்கள் ஊரில் வீட்டுக்கு வந்த எவரையும் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்ப மாட்டார்கள். அன்று நான் வெறும் வாயோடு படலையைச் சாத்திக்கொண்டு வந்தேன். பதினொரு வருடம் கழித்துத்தான், நான் எழுதிய கடிதங்களுக்கு ஒரு பதில் வந்தது: அக்கா போய்விட்டாள் என்று இரண்டு வரி. சுகந்தி வெளிவாரியாகப் பட்டம் முடித்து விஞ்ஞான ஆசிரியையானாள். நான் ஒருபோதும் ஆகமுடியாத அளவுக்கு நல்ல ஆசிரியை என்று அவளிடம் படித்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

வாசகிக்கு என் பதில். முதல் பட்டம் உடற்றொழிலியலோ உயிரியலோ போதும். நரம்பறிவியல் என்ற பெயருக்காகக் கூடுதல் பணம் கட்டாதீர்கள். கட்டணத்தை மட்டும் கேட்காமல் விடுதி, ஆய்வுகூடம், பரீட்சை எல்லாம் சேர்த்து மொத்தச் செலவை எழுத்தில் கேளுங்கள். அங்கே இரண்டாம் வருடம் படிக்கும் ஒரு பிள்ளையிடம், ஆய்வுகூடத்தில் தன் கையால் என்ன செய்தாள் என்று விசாரியுங்கள். இலவச இடங்களுக்குக் கடைசி நாள் முன்கூட்டியே வந்துவிடும். ஒரே ஓர் இடம்தான் என்றால் தோழியும் விண்ணப்பிக்கட்டும். தோற்றாலும் அவள் முகத்தை உங்கள் மகள் பார்க்கலாம்.

இதை வெளியிடுமுன் சுகந்திக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். பெயரை மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன்.

“என்ரை பேர் அப்பிடியே இருக்கட்டும்,” என்றாள். “அண்டைக்கு ஒருக்கா என்னை விட்டது போதும்.”